படுக்கையறைக் கதவு தரையில உரசுது: இழைக்கணுமா, கீல் மாத்தணுமா?

முலுண்ட்வாசி

எல்லாருக்கும் வணக்கம். மும்பை முலுண்ட் கிழக்கு, பழைய கட்டடம். படுக்கையறைக் கதவு ஃப்ளஷ் டோர் (ரெண்டு பக்கமும் பிளை ஒட்டின தட்டைக் கதவு), 7 அடிக்கு 3 அடி, கனம் 35 மிமீ. நிலை மரம்தான். பெயிண்ட் மேல பெயிண்ட் ஏறியிருக்கு, சுரண்டிப் பார்த்தா தேக்கு மாதிரி தெரியுது. 4 அங்குல இரும்புக் கீல் மூணு, மூணும் துரு. மழை பிடிச்சதுலேருந்து பூட்டுப் பக்கத்துக் கீழ் மூலை டைல்ஸ்ல கீறுது, மேல் மூலை நிலையில இடிக்குது. மேல் கீலில் நிலைப் பக்கம் ரெண்டு ஸ்க்ரூ, திருப்புளி வெச்சா சும்மா சுத்துது.

பார்க்க வந்த சுதார் (தச்சர்), கதவு ஊறிப்போச்சு, அடியில ரெண்டு நூல் (கால் அங்குலம்) இழைச்சுட்டா போதும்னு சொல்றார். இழைச்ச மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாதேன்னு யோசனையா இருக்கு.

இழைக்கிறது சரியா? எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கீல் போட்டா என்ன அளவு, என்ன ஸ்க்ரூ? கதவைக் கழட்டாம ஒரே ஆள் மாத்த முடியுமா? டிரில், அரை அங்குல உளி, சுத்தியல், திருப்புளி எல்லாம் வீட்ல இருக்கு. இன்னொண்ணு, குளியலறை பிவிசி கதவு கிரானைட் நிலையில மாட்டியிருக்கு. அதுலயும் மேல் கீல் பிடுங்கிக்கிட்டு வருது. அதுக்கும் வழி சொன்னா நல்லது.

கொட்டாப்புளி

தம்பி, இழைப்புளியைத் தொடவே வேண்டாம். நீங்க சொல்ற அடையாளம் ஊறின கதவோடது இல்லை, தொங்கின கதவோடது.

மரம் பருத்தா அகலவாட்டுல பருக்கும். உயரவாட்டுல பருக்கிறது கண்ணுக்கே தெரியாது. அதனால அடி மூலை தரையில கீறினா மழை மேல பழி போட முடியாது. ஊறின கதவு பூட்டுப் பக்கம் மேலேருந்து கீழே வரைக்கும் ஒரே சீரா இறுகும். தொங்கின கதவு மேல் மூலையில இடிச்சு, கீழ் மூலையில தரையைத் தொடும். மழைக்காலத்துல ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்துதான் வரும், ஆனா முதல்ல சரி பண்ண வேண்டியது தொங்கல்.

உறுதி பண்ணிக்க ரெண்டு சோதனை இருக்கு. காலாவதியான ஏடிஎம் கார்டு நாலஞ்சு எடுத்துக்கோங்க. ஒரு கார்டோட கனம் முக்கால் மிமீ, நாலு சேர்ந்தா 3 மிமீ, அதாவது ஒரு நூல். கதவை மூடி, கீல் பக்கச் சந்துல மேலயும் கீழயும், பூட்டுப் பக்கச் சந்துல மேலயும் கீழயும் எத்தனை கார்டு நுழையுதுன்னு பாருங்க. கீல் பக்கம் மேல அகலம், கீழ ஒடுக்கம். பூட்டுப் பக்கம் மேல ஒடுக்கம், கீழ அகலம்னா தொங்கல்தான். கீல் பக்கம் ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி இருந்து, பூட்டுப் பக்கம் முழுக்க ஒரு கார்டு கூடப் போகலைன்னா அதுதான் ஊறல்.

ரெண்டாவது சோதனை இதைவிட முக்கியம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடிச்சு மேலே தூக்குங்க. இன்னொருத்தரை மேல் கீலையே பார்க்கச் சொல்லுங்க. தகடு நிலையை விட்டு அசைஞ்சா ஸ்க்ரூ ஓட்டை போயிடுச்சுன்னு அர்த்தம், மரத்தை அடைச்சுப் புது ஓட்டை போடணும். தகடு அசையாம குழலுக்குள்ள ஊசி மட்டும் ஆடினா கீலே தேஞ்சுபோச்சு, அதை மாத்தணும். ரெண்டும் அசையாம நிலையே சுவரோட சேர்ந்து லேசா ஆடினா சுவர்ல நிலையைப் பிடிக்கிற ஹோல்ட்ஃபாஸ்ட் விட்டுப்போச்சு. அப்போ தங்கக் கீல் போட்டாலும் நிக்காது. நிலையில ஓட்டை போட்டு 4 அங்குலமாவது சுவருக்குள்ள போற ஃப்ரேம் ஃபிக்ஸர் (பிளக்கோட வர்ற நீள ஸ்க்ரூ) அடிச்சு நிலையைக் கட்டணும்.

அடியில இழைச்சா என்ன ஆகும்னா, மேல் கீல் இன்னும் இறங்கும், நாலு மாசத்துல திரும்பவும் தரையைத் தொடும். அதோட ஃப்ளஷ் டோர் அடி விளிம்புல இருக்கிற பெயிண்ட் போய் உள் மரம் வெளியே வந்துடும். வீடு துடைக்கிற தண்ணியை அது உறிஞ்சி, மேல ஒட்டின பிளை பிரிய ஆரம்பிக்கும்.

நூல் மட்டம்

கொட்டாப்புளி அண்ணாச்சி சொன்னதற்குக் கணக்கு இதுதான். 35 மிமீ கனமுள்ள 7×3 ஃப்ளஷ் கதவு சுமார் 40 கிலோ இருக்கும். அந்தப் பாரத்தின் மையம் கீல் ஓரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிற்கிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 5 அடி என்றால், மேல் கீல் மீது விழும் பக்கவாட்டு இழுப்பு 40 × 1.5 ÷ 5, அதாவது 12 கிலோ. கீழ்க் கீலில் அதே 12 கிலோ உள்நோக்கி அமுக்குகிறது. அதனால்தான் எந்த வீட்டிலும் முதலில் கழன்று வருவது மேல் கீல். கீழ்க் கீல் ஸ்க்ரூ துருப்பிடித்து உளுத்தாலும் அது பாட்டுக்கு நிற்கும்.

கீல்களின் இடைவெளி 4 அடியாகக் குறைந்தால் இழுப்பு 15 கிலோ ஆகிவிடும். கைப்பிடியில் 10 கிலோ பையை மாட்டினால் இன்னும் ஐந்தரை கிலோ கூடும். இவையெல்லாம் கதவு அசையாமல் நிற்கும்போது. மழைக்காற்றில் படார் என்று அறைந்தால் பல மடங்கு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கதவு மூடியிருக்கும்போது இந்த இழுப்பு, நிலையிலுள்ள ஸ்க்ரூவை நேராகப் பிடுங்கும் திசையில் விழுகிறது. 90 டிகிரி திறந்திருந்தால் குறுக்காக விழுகிறது. ஸ்க்ரூ குறுக்குப் பாரத்தை நன்றாகத் தாங்கும்; நேர் இழுப்பில் அதன் பிடி முழுக்க மரத்தில் பதிந்த மறையை (திருகுப் புரியை) நம்பியிருக்கிறது. மறை அரித்துப்போனால் சும்மா சுற்றும்.

கீல் அளவு. 4 அங்குலமே போதும். 5 அங்குலம் போட்டால் தகடு பதியும் பள்ளத்தை நீட்ட வேண்டும், கிடைக்கும் லாபம் அதிகமில்லை. நீளத்தைவிடத் தகட்டின் கனம்தான் சிக்கல். கடையில் 4×14, 4×12, 4×10 என்று கேஜில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு கனக்கும்: 14 கேஜ் சுமார் 2 மிமீ, 12 கேஜ் 2.6, 10 கேஜ் 3.2. பழைய கீலின் தகட்டை அளந்துவிட்டு வாங்குங்கள். பழையது 2 மிமீ, புதியது 3.2 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பள்ளத்தில் வைத்தால் நிலைப் பக்கம் 1.2, கதவுப் பக்கம் 1.2, மொத்தம் 2.4 மிமீ கதவு பூட்டுப் பக்கம் நகரும். அங்கே இருக்கும் சந்தே 3 மிமீதான். புதுக் கீல் போட்ட பிறகு கதவு மூடவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான்.

உலோகம். எஸ்எஸ் 304 கேளுங்கள். 202 மலிவு, ஆனால் மும்பை உப்புக்காற்றில் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. 202, 304 இரண்டுமே காந்தத்தில் ஒட்டாத இனம். முலாம் பூசிய இரும்பைத்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும். 304 என்று தகட்டில் அச்சிட்டு, பில்லிலும் எழுதிக் கொடுக்கும் கடையில் வாங்குவதே வழி. எஸ்எஸ் கீல்களுக்கு ஐஎஸ் 12817, இரும்புக் கீல்களுக்கு ஐஎஸ் 1341 என்ற இந்தியத் தர எண்கள் உண்டு. பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். தெற்கு மும்பையில் சி.பி. டேங்க் பக்கம் போனால் வரிசையாகக் கடைகள்தான். கப்ஜா (இந்தியில் கீல்) என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். வாங்கும்போது கீலை விரித்து மடக்கி, இரண்டு தகட்டையும் எதிரெதிர்த் திசையில் ஆட்டிப் பாருங்கள். ஊசி ஆடினால் வேண்டாம்.

ஸ்க்ரூ. எஸ்எஸ் கீலுக்கு எஸ்எஸ் ஸ்க்ரூ. இரும்பு ஸ்க்ரூ போட்டால் ஈரத்தில் அதுதான் முதலில் அரிக்கும். கதவுப் பக்கம் 8 ஆம் எண், ஒன்றரை அங்குலம். நிலைப் பக்கம், மேல் கீலுக்கு மட்டும் 2 அல்லது இரண்டரை அங்குலம், நிலையின் கனம் இடம் கொடுத்தால். கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவைத் தயவுசெய்து கீலில் போடாதீர்கள். அது கடினமாக்கிய எஃகு, வளையாது, பாரம் விழுந்தால் கழுத்தில் பட்டென்று ஒடியும். அந்தக் கறுப்புப் பூச்சும் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. இந்த ஊரில் பாதி கதவுகளில் அதைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் மெஷினில் சுலபமாக இறங்கும்.

மாதுங்கா மாமி

கதவைக் கழட்ட வேண்டாம். ஒரு கீலை முழுசா மாத்தி முடிச்ச பிறகுதான் அடுத்ததைத் தொடணும், அப்போ மத்த ரெண்டும் கதவைப் பிடிச்சுண்டிருக்கும். ஒருத்தரால முடியற காரியம்தான்.

கதவை 90 டிகிரி திறந்து, பூட்டுப் பக்கம் அடியில ரெண்டு மர ஆப்பை எதிரெதிரா சொருகுங்கோ. ஒத்தை ஆப்பு வழுக்கும். ஆப்பைத் தட்டத் தட்ட கதவு எழும்பும். மேல் கீலோட தகடு நிலையில திரும்ப ஒட்டி உட்கார்ற வரைக்கும் தட்டினா போதும், அதுக்கு மேல தூக்கினா கீழ்க் கீல் வளையும்.

பழைய ஸ்க்ரூ கழட்றதுதான் உண்மையான வேலை. தலையில இருக்கற வெட்டு பெயிண்ட்ல மூடியிருக்கும். உடைஞ்ச ஹாக்ஸா பிளேடு முனையால அதை அடிவரைக்கும் சுரண்டி எடுங்கோ. வெட்டு முழுக்க நிறையற திருப்புளியா வெச்சு, அதன் தலையில சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுங்கோ, துருப் பிடி விடும். முதல்ல கால் சுத்து இறுக்கற பக்கம் திருப்பி, அப்புறம் கழட்டற பக்கம் திருப்பணும். அதுக்கும் மசியலைன்னா சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில ரெண்டு நிமிஷம் வெச்சுட்டு, ஆறினதும் திருப்புங்கோ. தலை உடைஞ்சு போனா தகட்டை எடுத்துட்டு, மிஞ்சின தண்டை வைஸ் கிரிப்பால பிடிச்சுத் திருப்பலாம். தண்டும் மரத்துக்குள்ள முறிஞ்சுட்டா அதை அங்கேயே விட்டுட்டு, அரை அங்குலம் தள்ளிப் புது ஓட்டை. நோண்டி நோண்டி நிலையைப் பள்ளமாக்காதேங்கோ.

அடுத்து ஓட்டை அடைக்கறது. எல்லா ஓட்டையையும் அடைக்கணும், நன்னா பிடிச்சிருந்ததையும் சேர்த்து. புதுக் கீலோட ஓட்டை பழைய கீலோட ஓட்டைக்கு நேரா வராது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாதி பழைய ஓட்டையில, பாதி புது மரத்துலன்னு விழுந்தா ஸ்க்ரூ மெத்துன்னு இருக்கற பழைய ஓட்டைக்குள்ள சாஞ்சுண்டு போகும், கீலையும் கூட இழுத்துண்டு போகும். நடுக் கீல், கீழ்க் கீலுக்கு மூங்கில் குச்சியை ஃபெவிக்கால்ல தோய்ச்சு, ரெண்டு மூணு சேர்த்து இறுக்கமா அடிச்சு, வெளியில நீட்டறதை நறுக்கினா போதும். மழைக்காலத்துல சாதா ஃபெவிக்கால் காய ஒரு முழு நாளுக்கு மேல ஆகும். தண்ணி தாங்கற மரைன் வகை கிடைச்சா அதையே வாங்குங்கோ.

ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி 3 மிமீ பிட்டால ஓட்டை, மெத்து மரமா இருந்தா 2.5. பிட்ல ஸ்க்ரூ நீளத்துக்கு ஒரு டேப் சுத்திண்டா ஆழம் தப்பாது. ஸ்க்ரூ மறையில மெழுகுவர்த்தியைத் தேய்ச்சுக்கோங்கோ. சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். முதல்ல ஒவ்வொரு தகட்டுலயும் ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. ஆப்பை எடுத்துட்டு, கதவை மூடி, அந்த கார்டை வெச்சு சந்தைப் பாருங்கோ. சரியா இருந்தா மட்டும் மிச்ச ஸ்க்ரூ.

பாதி ஸ்க்ரூவை சுத்தியலால அடிச்சு, மீதியைத் திருப்பறவா நிறைய பேர். அடிச்ச பாதியில மரத்தோட நார் கிழிஞ்சு மறையே விழாது. அன்னிக்கு கெட்டியாத்தான் தெரியும்.

சொசைட்டியில மத்தியானம் டிரில் போடக் கூடாதுன்னு நேரம் வெச்சிருப்பா, அதையும் கேட்டுண்டு ஆரம்பிங்கோ. ஒரு கீல் பாதியில நிக்கும்போது வாட்ச்மேன் மணி அடிச்சா சங்கடம்.

கொட்டாப்புளி

மாமி சொன்ன வரிசை சரிதான். குச்சி அடைக்கிறதுல மட்டும் ஒரு திருத்தம். மேல் கீலுக்கு நிலைப் பக்கம் மூங்கில் குச்சி வேண்டாம். மாமியும் நடுவுக்கும் கீழுக்கும்தான் சொன்னாங்க, ஆனா படிக்கிறவங்க எல்லாத்துக்கும் அதையே பண்ணிடுவாங்க. குச்சி ஓட்டையை ரொப்பும், அவ்வளவுதான். பக்கத்துல அரிச்சுப்போன மரம் அப்படியேதான் இருக்கும்.

மேல் கீலுக்கு 10 மிமீ பிட்டால 40 மிமீ ஆழம் துளைச்சு, அரிச்ச மரம் முழுக்க வெளியே வரணும். தூள் வெளுப்பா வந்தா நல்ல மரம் வரைக்கும் போயிட்டீங்க. கறுத்து ஈரமா வந்தா இன்னும் கொஞ்சம் போகணும். தேக்கோ சால் மரமோ ஒரு துண்டு எடுத்து 10 மிமீ உருண்டையா முளை செதுக்கி, அதோட நீளத்துக்கு ஒரு பக்கம் பிளேடால சின்ன வாய்க்கால் கீறிக்கோங்க. அது இல்லைன்னா அடியில சேர்ற பசைக்குப் போக்கிடம் இல்லாம முளை முக்கால்ல நின்னுடும், இன்னும் அடிச்சா நிலை பிளக்கும். பசை தடவி, கொட்டாப்புளியால (மரச் சுத்தியல்) அடிச்சு இறக்கி, ஒரு நாள் விட்டு, மட்டமா அறுத்து, அதுக்கு மேல 3 மிமீ ஓட்டை. ஓட்டையை தகட்டோட துளைக்கு நட்டநடுவுல போடாம அரை மிமீ பள்ளத்தோட உள் சுவர்ப் பக்கம் தள்ளிப் போடுங்க. ஸ்க்ரூ இறுகும்போது தகட்டைப் பள்ளத்துச் சுவரோட சேர்த்து இழுத்துக்கும்.

முளையோட நாரும் ஸ்க்ரூவும் ஒரே திசையில போறதால பிடி கொஞ்சம் குறையும்தான். அதுக்குத்தான் ரெண்டரை அங்குல ஸ்க்ரூ: முளையையும் தாண்டி அதன் முனை புது மரத்தைப் பிடிக்கணும்.

அப்புறம் நூல் மட்டம் சார் நடுக் கீலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. நட்டநடுவுல வேணுமா, மேல தள்ளியா?

நூல் மட்டம்

மேல் விளிம்பிலிருந்து 7 அங்குலத்தில் மேல் கீல், கீழ் விளிம்பிலிருந்து 10 அங்குலத்தில் கீழ்க் கீல் இருந்தால், மூன்றாவதை மேல் கீலுக்கு 10 அங்குலம் கீழே வைத்தால் மேல் கீலின் இழுப்பை அது பாதியளவு பகிர்ந்துகொள்ளும். நட்டநடுவில் வைத்தால் பாரத்தைப் பெரிதாக வாங்காது, ஆனால் கதவு வில்லாக வளையாமல் பிடிக்கும். புதுக் கதவு மாட்டுவதானால் கனமான கதவுக்கு முதல் வழி, மெல்லிய கதவுக்கு இரண்டாம் வழி. இவர் வீட்டில் பள்ளம் ஏற்கெனவே நடுவில் வெட்டியிருக்கிறது. அதை மாற்ற வேண்டாம். மூன்று கீலின் ஊசிகளும் ஒரே நேர்கோட்டில் இருப்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம். மேல் ஊசியிலிருந்து கீழ் ஊசிக்கு நூல் பிடித்துப் பாருங்கள். நடு ஊசி 1 மிமீ விலகினாலும் கதவு முனகும், மூன்றிலும் ஸ்க்ரூ தளரும்.

முலுண்ட்வாசி

கார்டு வெச்சுப் பார்த்தேன். கீல் பக்கம் மேல 5 கார்டு, கீழ 2. பூட்டுப் பக்கம் மேல ஒண்ணும் நுழையல, கீழ 5. தூக்கிப் பார்த்தா மேல் கீல் தகடு நிலையை விட்டு அசையுது, ஊசி ஆடல, நிலையும் ஆடல. இழைக்கிறதை நிறுத்திட்டேன். எஸ்எஸ் 304, 4×12 கீல் வாங்கியாச்சு. பழைய தகடு 2 மிமீ, புதுசு 2.6.

முளை அடிச்சு மேல் கீல் மாட்டினேன். இப்போ தரையில உரசல் இல்லை. ஆனா கதவு மூடும்போது கடைசி ஒரு சாண் தூரத்துல எதிர்த்துத் தள்ளுது. தாழ்ப்பாள் போடலைன்னா தானா கொஞ்சம் திறந்துக்குது. மிச்ச ரெண்டு கீல் இன்னும் பழசுதான். பள்ளத்தை ஆழப்படுத்தணுமா?

கொட்டாப்புளி

கடைசியில எதிர்த்துத் தள்ளினா கீல் பக்கம் ஏதோ ஒண்ணு முட்டுது. முதல்ல ஸ்க்ரூ தலையைப் பாருங்க. தகட்டுல குழிச்ச இடம் 8 ஆம் எண் தலைக்குத்தான். அதுல 10 ஆம் எண் போட்டாலோ, ஸ்க்ரூ கோணலா இறங்கியிருந்தாலோ தலை அரை மிமீ வெளியே நிக்கும். எதிர்த் தகட்டு ஸ்க்ரூ தலையோட அது முட்டும். முட்டற இடம் ஊசியிலேருந்து ஒரு அங்குலம், நீங்க தள்ற கைப்பிடி 33 அங்குலம். ஒவ்வொரு தடவை மூடும்போதும் நெம்புகோல் போட்டு ஸ்க்ரூவைப் பிடுங்கற மாதிரிதான். தகட்டு மேல சாக்பீஸ் தேய்ச்சு, கதவை மூடித் திறந்தா எந்தத் தலையில சாக் வழிச்சிருக்குன்னு தெரியும்.

தலையெல்லாம் சரியா இருந்தா காரணம் கனம்தான். மேல ரெண்டு பக்கமும் 0.6 வெளியே நிக்குது, அதனால அந்த ஊசி 0.6 மிமீயாவது விலகி நிக்கும். கீழ ரெண்டும் பழைய இடத்துல. மூணும் ஒரே கோட்டுல இல்லை. மிச்ச ரெண்டையும் மாத்தினதும் பாதி சரியாகும். அதோட பூட்டுப் பக்கம் 1.2 மிமீ இடம் வேணும்.

ரெண்டு பக்கமும் 0.6 எடுக்கிறதுக்குப் பதிலா நிலைப் பக்கம் மட்டும் 1.2 எடுங்க. நிலை கெட்டித் தேக்கு, உளிக்கு நல்லா மசியும். ஃப்ளஷ் டோர் ஓரத்துல உள்ள மெல்லிசுப் பட்டி தெறிக்கலாம். ஆனா ஒண்ணு, மூணு கீலுக்கும் ஒரே மாதிரி 1.2 எடுக்கணும். ஒண்ணுல கூடினா அந்தப் பக்கம் கதவு சாயும்.

சுத்தியல் வேண்டாம். கூர் தீட்டின உளியோட தட்டைப் பக்கம் மரத்துல படியற மாதிரி படுக்க வெச்சு, கையால தள்ளியே சீவணும். முதல்ல பள்ளத்தோட ஓரத்தைச் சுத்திக் கத்தியால கீறிக்கோங்க, இல்லைன்னா நார் பள்ளத்துக்கு வெளியேயும் பேந்துபோகும். தகட்டோட பின்பக்கம் சாக்பீஸ் தடவி பள்ளத்துல வெச்சு அமுக்கி எடுத்தா மேடு எங்கே இருக்குன்னு தெரியும், அதை மட்டும் சீவுங்க. ஆழம் கூடிப்போனா கார்டுலேருந்து தகடு அளவுக்கு வெட்டி அடியில வைக்கலாம். அட்டை வைக்கிறவங்களும் உண்டு, ஆனா அட்டை நசுங்கும், மழையில ஊறும், பிளாஸ்டிக்தான் நல்லது.

எல்லாம் முடிஞ்ச பிறகும் பூட்டுப் பக்கம் ஒரு மிமீ தாழ்ந்து நின்னா மேல் கீலைத் திரும்பத் தொடாதீங்க. கீழ்க் கீலுக்கு அடியில ரெண்டு கார்டு வைங்க. ஒரு மிமீ வெச்சா பூட்டுப் பக்கம் அரை மிமீக்குக் கொஞ்சம் மேல தூக்கும், உங்க கதவு அளவுக்கு.

மாதுங்கா மாமி

கீல் மூணையும் மாட்டி முடிச்சதும் தேங்காய் எண்ணெய் விடணும்னு தோணும். விடாதேங்கோ. ஒரு மாசத்துல தூசி சேர்ந்து பிசுக்காகி, அப்புறம்தான் கிறீச்சுன்னு கத்தும். ஊசியைக் கழட்ட முடியற கீலா இருந்தா ஊசியில மெழுகு இல்லேன்னா கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கோ. டபிள்யூடி-40 துருவை இளக்கத்தான், ரொம்ப நாள் நிக்காது.

கதவோட மேல் விளிம்பு, அடி விளிம்பு ரெண்டுலயும் கை வெச்சுத் தடவிப் பாருங்கோ. பாதி வீட்ல அங்கே பெயிண்டே அடிச்சிருக்க மாட்டா. மழை விட்டு, அக்டோபர் கடைசியில கதவு காய்ஞ்சதும் ரெண்டு கோட் அடிச்சுடுங்கோ. அடி விளிம்புக்குக் கதவைக் கழட்டணும்னு இல்லை. பழைய கார்ப்பெட் துண்டுல பெயிண்டைத் தோய்ச்சு, அடியில நுழைச்சு இழுத்தாலே பூசிடலாம். பூட்டுப் பக்கம் அப்பவும் இறுக்கமா இருந்தா அந்த சமயத்துல இழைக்கலாம். ஆகஸ்ட்ல இழைச்சா மார்ச்சுல சந்து வழியா அடுத்த ரூம் தெரியும்.

நூல் மட்டம்

குளியலறைக் கதவுக்கு வருகிறேன். பிவிசி கதவு எடை குறைவு. அங்கே பிரச்சினை பாரம் அல்ல, பிடிமானம். கிரானைட் பட்டியின் கனம் பெரும்பாலும் 18 முதல் 20 மிமீ. அதில் ஓட்டை போட்டு நைலான் பிளக் அடித்து ஸ்க்ரூவை இறுக்கினால் பிளக் விரியும். விளிம்புக்குப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் கல் சில்லாகத் தெறிக்கும். ஏற்கெனவே பிளக் தளர்ந்து உருவிக்கொண்டு வருகிறது என்றால் அதைவிடப் பெரிய பிளக் அடிப்பது அடுத்த விரிசலுக்கு அழைப்பு.

பழைய பிளக்கை எடுத்துவிட்டு, ஓட்டையை ஊதிச் சுத்தம் செய்து, உள்ளே ஈரம் இல்லாமல் காயவிடுங்கள். இரண்டு பகுதி எபாக்ஸியைக் கலந்து ஓட்டைக்குள் குச்சியால் குத்திக் குத்தி அடையுங்கள், காற்று நிற்கக் கூடாது. எஸ்எஸ் ஸ்க்ரூவின் மறையில் மெழுகைத் தேய்த்து, கீலோடு சேர்த்து அதில் செருகி, கதவு நிற்க வேண்டிய இடத்தில் ஆப்பு கொடுத்து, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மெழுகு இருப்பதால் எபாக்ஸி ஸ்க்ரூவில் ஒட்டாது, அதன் வடிவத்தில் மறை மட்டும் பதியும். பின்னால் கழற்ற வேண்டுமானால் திருப்பினால் வரும்.

புது ஓட்டை வேண்டுமென்றால் 6 மிமீ டைமண்ட் பிட், டிரில்லின் ஹாமர் முறையை நிறுத்திவிட்டு, குறைந்த வேகத்தில். ஈரத் துணியால் பிட்டை அடிக்கடி தொட்டு ஆறவையுங்கள். சுவிட்ச் போர்டும் வயரும் தண்ணீருக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கல்லைத் தாண்டிப் பின்னால் உள்ள சுவருக்குள்ளும் ஓட்டை போக வேண்டும், 2 அங்குல ஸ்க்ரூ முழுதாக இறங்கும்படி. கல்லின் விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி இருப்பது நல்லது.

கதவுப் பக்கம் இன்னொரு சிக்கல். பிவிசி கதவு உள்ளே வெற்றுக் குழல். ஸ்க்ரூ அந்த மெல்லிய தோலைத்தான் பிடித்திருக்கும். கீல் ஓரத்தில் தட்டிப் பாருங்கள், காந்தமும் வையுங்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்புக் குழாய் இருக்கிறது, செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போதும். ஒட்டாவிட்டால் ஸ்க்ரூ வேண்டாம். கதவை முழுதாக ஊடுருவும்படி 5 மிமீ எஸ்எஸ் போல்ட் போட்டு, மறுபக்கம் ஓர் அலுமினியப் பட்டையை வாஷராக வைத்து நட்டு முடுக்குங்கள். தோல் நசுங்கும் அளவுக்கு இறுக்க வேண்டாம். போல்ட் தலையைச் சுற்றிச் சிலிகான் தடவினால் குளிக்கும் தண்ணீர் உள்ளே இறங்காது.